முள் இறங்கினால் போதுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: உடல் மெலிய ஏற்ற வழி உடனடிப் பானமா, அன்றாடப் பழக்கமா? இடம்: விருதுநகர். ‘அன்றாடப் பழக்கமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எதிரணியில் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நல்லாப் பேசினார். “பத்தே நாளில் பத்து கிலோ” என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு உருக்கம் இருந்தது பாருங்க, அதைக் கேட்டே பாதிக் கொழுப்பு உருகியிருக்கும். (சிரிப்பு) கடைசியில் ஒரு சவாலும் விட்டார். “குடிச்சவங்க எடை குறையுது, தராசில் ஏறி நின்னு பாருங்க, தராசு பொய் சொல்லுமா?” என்று கேட்டார்.

தம்பி, வேற எந்த ஊர்ல வேணும்னாலும் கேளுங்க. விருதுநகருக்கு வந்து தராசைப் பற்றிக் கேட்டுட்டீங்களே! எண்ணெய், பருப்பு, மல்லி, வத்தல் எல்லாத்துக்கும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பேப்பரில் விலை போடுகிற ஊர் இது. இங்கே பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தராசு பொய் சொல்லாது. ஆனா மூடைக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லாது. காய்ந்த மல்லியும் நிறுக்கும், ஈர மல்லியும் நிறுக்கும். வாங்க வந்த அண்ணாச்சி முள்ளையா பார்ப்பார்? மூடைக்குள்ள கையை விட்டுப் பார்ப்பார். நானும் இன்னிக்கு அந்த வேலைக்குத்தான் வந்திருக்கேன். (கைதட்டல்)

முதலில் ஒரு கணக்கு. நான் சிவகாசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிற டீச்சர். கணக்குப் போடாமல் எனக்குப் பேச வராது. பொறுத்துக்கணும்.

உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பு ஒரு கிலோ குறையணும் என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். சாதாரணமாக வீட்டு வேலையும் கடை வேலையும் பார்க்கிற ஒருத்தருக்கு ஒரு நாள் முழுக்க உடம்பு செலவழிப்பது சுமார் 2,000 கலோரி. சரி, தம்பி சொன்ன பத்து நாளும் அவர் ஒரு பருக்கை தொடவில்லை, வெறும் தண்ணீரில் கிடக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். பத்து நாளைக்கு 20,000 கலோரி. 7,700ஆல் வகுத்தா எத்தனை? (கூட்டத்தில் ஒரு குரல்: ரெண்டரை!) ஆங், ஏறக்குறைய ரெண்டரை கிலோ. முழுப் பட்டினி கிடந்தாலே ரெண்டரை கிலோ கொழுப்புதான் போக முடியும். தம்பியோட டம்ளர்ல பாலும் பொடியும் வேற இருக்கு. அதையும் குடிச்சு, பத்து கிலோவும் குறைஞ்சதுன்னா, மிச்சம் ஏழரை எங்கேயிருந்து போச்சு? ஏழரைன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருதுன்னு எனக்குத் தெரியும். (பலத்த சிரிப்பு) அவரேதான். டம்ளர் வழியா வந்திருக்கார்.

அந்த ஏழரையில் முதல் பங்கு தண்ணீர். நம்ம ஈரலும் சதையும் மாவுச்சத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும். கிளைக்கோஜன் என்று பெயர். அரை கிலோ அளவுக்கு இருக்கும். அது தனியாக இருப்பதில்லை, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாகிறது இந்தச் சேமிப்புதான். அது கரைந்தால் அதோடு இருந்த தண்ணீரும் வெளியே போகும். நாலைந்து நாளில் ரெண்டு கிலோ இறங்கிவிடும். முள் இறங்குது. பக்கத்து வீட்டு மதினி “என்னடி, இப்படி மெலிஞ்சிட்டே!”ங்கிறாங்க. அந்த வாரமே ஒரு கல்யாணப் பந்தி, ரெண்டு நாள் பழையபடி சோறு. போன தண்ணி போன வழியிலயே திரும்பி வந்துடும். ஈரத் துணியைப் பிழிஞ்சு நிறுத்துட்டு, துணி மெலிஞ்சு போச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

ரெண்டாவது பங்கு சதை. பருப்பும் முட்டையும் போதாமல், வயிற்றுக்கும் போதாமல் கிடக்கிற உடம்பு தன் சதையையே உடைத்துத் தின்னும். சதைதான் நம்ம உடம்பில் உட்கார்ந்திருக்கும்போதும் செலவு செய்கிற பிள்ளை. அந்தப் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிட்டா தினசரிச் செலவு குறைஞ்சிடும். அப்புறம் பழையபடி சாப்பிட்டாலும் மிச்சமாகும். மிச்சம் எல்லாம் கொழுப்பாகும். அறுபத்தெட்டில் ஆரம்பித்து, அறுபத்திரண்டுக்கு இறங்கி, ஆறே மாதத்தில் எழுபதுக்கு ஏறினவங்க இந்தக் கூட்டத்திலேயே இருப்பீங்க. கையைத் தூக்க வேண்டாம், கேமரா இருக்கு. (சிரிப்பு)

சரி, கொழுப்பு போகவே போகாதா? போகும். எந்த வழியாகப் போகும் என்பதைத்தான் பார்க்கணும். தம்பி சொன்னார், “கரைஞ்சு சிறுநீர்ல போகுது, வேர்வையில போகுது”ன்னு. தம்பி மேல தப்பில்லை. டாக்டர்களே இதில் தடுமாறியிருக்காங்க. ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்று இரண்டு பேர் டாக்டர்களிடமும் உணவு நிபுணர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொன்னார்கள். பிறகு அவர்களே கணக்கிட்டு 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பத்து கிலோ கொழுப்பு போனால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகப் போகிறது. 1.6 கிலோ தண்ணீராகிறது. அவ்வளவுதான். மூக்கு வழியாத்தான் முக்கால்வாசிக்கு மேல வெளியேறுது!

இது மற்ற ஊர்க்காரங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். சிவகாசிக்காரங்களுக்கு இருக்காது. ஒரு சரம் வெடிச்சு முடிஞ்சதும் வாசல் பூராத் தாள் கிடக்கு. உள்ளே திணிச்ச மருந்து எங்கே போச்சு? புகையாப் போச்சு. உடம்புக் கொழுப்பும் அப்படித்தான், எரிந்து வாயுவாகப் போகிறது. ஒரே ஒரு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் இன்றைக்கு நம்ம தலைப்பே இருக்கு.

வெடிக்குள்ள கந்தகம் இருக்கு, கரித்தூள் இருக்கு, அலுமினியப் பொடி இருக்கு. கூடவே வெடியுப்பு இருக்கு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அந்த உப்பு கட்டுச்சோறு மாதிரித் தன்னோடயே எடுத்துட்டு வந்துடுது. வெளிக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனாலதான் கண் சிமிட்டுறதுக்குள்ள எரிஞ்சு முடியுது. நம்ம உடம்புக்குள்ள வெடியுப்பு கிடையாது. ஒவ்வொரு மூச்சாக இழுத்து, அந்த மூச்சில் வந்த ஆக்சிஜனில்தான் கொழுப்பு எரியணும். உடம்பு சரவெடி இல்லீங்க, ஊதுவத்தி. உட்கார்ந்திருந்தா மெல்ல எரியும், நடந்தா கொஞ்சம் வேகமா எரியும், தூங்கும்போதும் எரியும். ஆனா ஊதுவத்தி ஊதுவத்தியாத்தான் எரியும். (கைதட்டல்)

“ஏன் டீச்சர், அதைச் சரவெடி ஆக்க முடியாதா?” என்று கேட்கலாம். ஆக்கிப் பார்த்தாங்க. அந்தக் கதையும் ஒரு வெடிமருந்து ஆலையில்தான் ஆரம்பிக்குது. முதல் உலகப் போர் நேரம். பிரான்ஸ் நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்று ஒரு மஞ்சள் பொடி புழங்கியது. அதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்துகொண்டே போனார்கள். வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் அடித்தது, சிலர் செத்தும் போனார்கள். செத்தவர்களை மறந்துவிட்டு மெலிந்தவர்களைப் பார்த்தது உலகம். 1933ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதை மெலிவதற்கான மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. உடனே கடைகளில் சீட்டில்லாமலே விற்பனை. ஒரு லட்சம் பேர் வரை சாப்பிட்டதாகக் கணக்கு. அப்புறம் இளம் பெண்களுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. உடம்புச் சூடு ஏறி, இறக்க வழியில்லாமல் ஆட்கள் செத்தார்கள். அதற்கு மாற்று மருந்தே இன்றுவரை கிடையாது. 1938ல் அந்த நாட்டில் புதுச் சட்டம் வந்ததும் மனிதர் உண்ணத் தகாதது என்று சொல்லி நிறுத்தினார்கள். ஆனாலும் இன்டர்நெட்டில் திருட்டுத்தனமாக வாங்கித் தின்று செத்தவர்கள் உண்டு. பிரிட்டனில் 2023ல்தான் அதை நஞ்சுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

எங்க ஊர்ல ‘மருந்து’ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு டாக்டர் கொடுக்கிறது, இன்னொண்ணு வெடிக்குள்ள போடுறது. வெடிக்குள்ள போடுற மருந்துக்கு எத்தனை கட்டுப்பாடு தெரியுமா? ஒரு அறைக்குள் இத்தனை பேர்தான், இத்தனை கிலோதான். நைலான் சேலை கூடாது, பருத்திதான். செல்போன் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இதுல அவசரப்பட்டா என்ன ஆகும்னு 2012ல் முதலிப்பட்டியும் 2021ல் அச்சங்குளமும் நமக்குச் சொல்லியிருக்கு. அதை நான் மேடையில் விவரிக்க விரும்பலை, அந்த வீட்டுக்காரங்க இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நான் கேட்கிறது இவ்வளவுதான். கையால் தொடுகிற மருந்துக்கு இத்தனை விதி வச்சிருக்கிற நாம, வாய்க்குள்ள ஊத்துற மருந்துக்கு ஒரு கேள்விகூடக் கேட்கிறதில்லையே, ஏன்?

இனி டம்ளருக்குள்ளே என்ன இருக்கு என்று பார்ப்போம். எல்லாத்தையும் சொல்ல நேரமில்லை. சிலதை மட்டும் சொல்றேன்.

‘மூலிகை ஸ்லிம் டீ’ன்னு அழகான டப்பா. பொன்னிறத்துல ஒரு இலை படம். சில டப்பாக்களைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே நம்ம பக்கத்து மாவட்டத்துச் சரக்கு. நிலாவாரை! திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியாகி, வெளிநாட்டு மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று ஊர்ப் பெயரோடு பதிவான இலை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது வேலை செய்யுற இடம் பெருங்குடல். சாப்பாட்டில் இருக்கிற சத்து அதற்கு முன்னாலேயே, சிறுகுடலிலேயே உடம்பில் ஏறிவிடும். அதுக்கப்புறம் நிலாவாரை வந்து வெளியேத்துறது எதை? தண்ணியையும் உப்பையும். கொழுப்பு சாவகாசமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். (சிரிப்பு) தினமும் இப்படி பொட்டாசியம் உப்பு வெளியேறிக்கொண்டே இருந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். 

அடுத்தது ‘கார்சினியா கம்போஜியா’. பெயரைக் கேட்டா இத்தாலிக்காரர் மாதிரி இருக்கு. யாருன்னு பார்த்தா, மலையாளத்து மீன் குழம்புக்குள்ள கிடக்கிற நம்ம குடம்புளி! 1998ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வந்தது. 135 பேர், 12 வாரம், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குறைந்த கலோரிச் சாப்பாடு. பாதிப் பேருக்குக் குடம்புளிச் சத்து, பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை. குடம்புளி சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! (சிரிப்பு) இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான் என்று ஆராய்ச்சியாளர்களே சொன்னார்கள். ஆக, குறைத்தது சாப்பாடு, பேர் வாங்கினது புளி.

இதெல்லாம் பரவாயில்லை என்று சொல்கிற ரகமும் இருக்கு. சிபுட்ரமின் என்று ஒரு பசியடக்கி. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தி, 2011ல் நம் அரசும் தடை செய்தது. தடை செய்த பிறகு அது எங்கே போச்சு தெரியுமா? ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று எழுதின டப்பாக்களுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படி ஒளித்து விற்ற சரக்குகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. அதனால “இது கெமிக்கல் இல்லீங்க, மூலிகை”ன்னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே பயம் வரும். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் ‘திரவப் புரதம்’ குடித்து மெலிகிற மோகம் ஒன்று கிளம்பி, ஐம்பதுக்கு மேற்பட்ட சாவுகள் பதிவாயின. பட்டினியோட அந்தப் பானத்தை மட்டும் குடிச்சு, இதயத் துடிப்பு தப்பிச் செத்தவங்க அதில் பலர்.

அமெரிக்கா தூரம். மதுரை தூரமா? ஒரு மணி நேர பஸ். 2026 ஜனவரியில் அங்கே ஒரு கல்லூரி மாணவி, பத்தொன்பது வயசு. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற வெங்காரத்தை உடம்பு இளைக்கும் என்று நம்பிச் சாப்பிட்டது அந்தப் பிள்ளை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடைசியில் உயிரே போய்விட்டது. வெங்காரம் என்றால் என்ன? நகை ஆசாரி பொடி வைத்துப் பற்றவைக்கப் பயன்படுத்துகிற போராக்ஸ். தங்கத்தை ஒட்டுகிற பொருளைக் குடலுக்குள்ள போடச் சொன்ன ஆள் யாருன்னுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது. (கூட்டத்தில் அமைதி)

என் வகுப்பில் நடந்ததையும் சொல்லணும். பெயர் வேண்டாம். அம்மா பட்டாசு ஆலைக்குப் போறவங்க. அத்தை மகன் கல்யாணத்துல யாரோ ஒரு பெரியம்மா, “ஏன் தாயி, இந்த வயசுலயே இப்படிப் பெருத்துட்டே”ன்னு பந்தியில வச்சுச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். தெருவுல ஒரு வீட்டு மாடியில காலையில பானம் கொடுக்கிறாங்க. முதல் நாள் இலவசமா ஒரு மெஷின் மேல ஏத்தி நிறுத்தி, “உன் உடம்பு வயசு 41”ன்னு சொல்லியிருக்காங்க. பதினேழு வயசுப் பிள்ளைகிட்ட! அந்த மெஷின் காலில் லேசான மின்சாரத்தை விட்டுத் தடையை அளந்து, உடம்பில் தண்ணி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவுன்னு உத்தேசமாச் சொல்ற கருவி. ‘உடம்பு வயசு’ங்கிறது கம்பெனிக்காரன் போட்ட கணக்கு. பிள்ளைக்கு அது ஜாதகம் மாதிரி ஆயிடுச்சு. அம்மாவோட பத்து நாள் கூலியைக் கொடுத்துப் பொடி டப்பா வாங்கி, காலையும் ராத்திரியும் அதுதான் சாப்பாடு. மத்தியானச் சோற்றைத் தோழிக்குக் கொடுத்திருக்கு.

அஞ்சு வாரத்துல ஆறு கிலோ குறைஞ்சது. எல்லாரும் பாராட்டினாங்க, பந்தியில் பேசின பெரியம்மாவும் பாராட்டினாங்க. ஆறாவது வாரம் லேப்ல உப்புப் பகுப்பாய்வு பண்ணிக்கிட்டு இருக்கும்போது, பர்னருக்குப் பக்கத்துல அப்படியே சரிஞ்சு விழுந்தது. நாங்க தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்துல ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. மூணு மாசமா மாதவிலக்கு வரலை. தலையணை பூரா முடின்னு அம்மா அழுதாங்க. அங்கே இருந்த டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க, “டீச்சர், இந்தப் பிள்ளைக்குக் கொழுப்பு கொஞ்சம் கூட இருந்தது உண்மைதான். ஆனா ரத்தம் பாதிதான் இருந்தது. இருக்கிறதைக் குறைக்கப் போய் இல்லாததையும் குறைச்சிட்டாங்க.”

பெருமக்களே, இது ஒரு பிள்ளை கதை இல்லை. மத்திய அரசு 2019லிருந்து 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை. அதே கணக்கெடுப்பில், அதே தமிழ்நாட்டில், நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பெண்களுக்கு ரத்தசோகை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. உடம்பு பெருத்தும் இருக்கு, சத்தில்லாமலும் இருக்கு. இந்த உடம்புகிட்ட போய்ச் சாப்பாட்டை நிறுத்து, டம்ளரைப் பிடின்னா எது முதல்ல போகும்? பசிச்ச பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல சோறு போட்ட காமராஜர் பிறந்த ஊர் இது. இங்கே அந்தச் சோற்றை ஒரு பிள்ளை தோழி தட்டில் தள்ளிவிட்டதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறலை. (நீண்ட கைதட்டல்)

எதிரணி அம்மா ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க. “காலையில் ஏழு மணிக்கு வேன் ஏறி ஆலைக்குப் போறவ, சாயங்காலம் வந்து தண்ணி பிடிச்சு உலை வைக்கிறவ, அவளுக்கு உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே? அவளுக்குப் பானம்தானே வசதி?” என்றாங்க. நடக்க நேரமில்லாததை நான் மறுக்க மாட்டேன். நாள் முழுக்கத் தரையில உட்கார்ந்து வெடி சுத்துற பெண்ணுக்கு முதுகுதான் வேலை செய்யுது, கால் வேலை செய்யலை. இதை ஜிம்முக்குப் போற சென்னைக்காரங்க கணக்கில் பேச முடியாது. அதனால அவங்க நாளையே எடுத்துக்குவோம்.

ஒரு நாளைக்கு எத்தனை டீ? அஞ்சு. ஒவ்வொண்ணிலயும் ரெண்டு ஸ்பூன் சீனி, பத்து கிராம், 40 கலோரி. அஞ்சு டீக்கு 200. மாசத்துக்கு 6,000. முன்னாடி போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700. சீனி மட்டுமே மாசம் முக்கால் கிலோ கொழுப்புக்குச் சமம். டீயை நிறுத்தச் சொல்லலை, நிறுத்தினா ஆலையே நின்னுடும். (சிரிப்பு) அஞ்சை மூணாக்குங்க, ரெண்டு ஸ்பூனை ஒண்ணாக்குங்க. இதுக்கு ஒரு நிமிஷம்கூட நேரம் செலவில்லை, காசும் மிச்சம்.

அடுத்தது எண்ணெய். எண்ணெய்க்கே விலை சொல்ற ஊர்ல நின்னு எண்ணெயைக் குறைன்னு சொல்றேன், என்னை ஊருக்குள்ள விடுவீங்களான்னு தெரியலை. மாவு ஒரு கிராமில் 4 கலோரி, எண்ணெய் ஒரு கிராமில் 9. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா உலகப் புகழ் பெற்றது. எனக்கும் பிடிக்கும். ஆனா அது மாவை எண்ணெயில் பொரித்தது, அதுக்கு மேல சால்னாவிலும் எண்ணெய் மிதக்குது. சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நம்ம மாவட்டத்தின் சொத்து. சொத்தை யாராவது தினமும் எடுத்துச் செலவழிப்பாங்களா? நல்ல நாளைக்கு எடுங்க. வீட்டுச் சமையலுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன், மாசத்துக்கு 600 மில்லி. நாலு பேர் வீட்டில் ரெண்டரை லிட்டருக்குள்ள நின்னா, எந்தப் பொடியும் செய்யாத வேலையை அந்த எண்ணெய்த் தூக்கு செய்யும்.

மூணாவது, தட்டு. சோறு மலை மாதிரி, குழம்பு ஆறு மாதிரி, காய் தூரத்து ஊர் மாதிரி. (சிரிப்பு) அதைக் கொஞ்சம் மாத்துங்க. சோற்றில் ஒரு கரண்டி குறைச்சு, பருப்போ மொச்சையோ தட்டைப்பயறோ ஒரு கரண்டி கூட்டுங்க. ஒரு முட்டை. ஒரு கை முருங்கைக் கீரை. சதையைக் காப்பாத்துறது இந்தப் புரதம்தான், பசியைத் தள்ளிப்போடுறதும் இதுதான். எங்க அணியிலயும் பானம் இருக்குங்க, கம்பங்கூழும் நீர்மோரும். ஆனா கூழையும் நாலு செம்பு குடிச்சுட்டு, டீச்சர் சொன்னாங்கன்னு என் பேரைச் சொல்லாதீங்க.

நடை? வேனில் இருந்து ஒரு தெரு முன்னாடி இறங்குங்க. ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னாடி உட்காருறதுக்கு முன்னால தெருவை ரெண்டு சுற்று. பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவை நடந்தாலும் முப்பதுதான். ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ன்னு எதிரணி சிரிக்குது. நடந்த காரியம்தான், அதுவும் சென்னையில். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய் வரப்போகிற கட்டத்தில் இருந்த 531 பேரை எடுத்து, முப்பது மாத அளவுக்குக் கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: தினம் அரை மணி நடை, சீனியும் எண்ணெயும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட பிரிவுக்குக் குறைந்தது 26.4. இதைவிட ஒரு சங்கதி இருக்கு. அந்த நடைக்காரங்களுக்கு எடை பெருசாக் குறையவே இல்லை. முள் நகரலை, நோய் நகர்ந்தது! (பலத்த கைதட்டல்) தம்பியோட டம்ளர்ல நேர் எதிரா நடக்குது.

ஊசி போட்டுக் குறைக்கிறாங்களே என்று யாரோ சீட்டு எழுதி அனுப்பியிருக்கீங்க. 2025ல் இந்தியாவுக்கு வந்த அந்த ஊசிகளைப் பற்றிய பேச்சு வேற மேடைக்கானது. அது டாக்டர் பார்த்து, ரத்தம் சோதித்து, நோயாக உடல் பருமன் இருக்கிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறது. மாடி வீட்டு டம்ளரையும் அதையும் ஒன்றாக்க வேண்டாம். வள்ளுவரும் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் உள்ள பத்துக் குறளில் ஆறு சாப்பிடுகிற முறையைப் பற்றியே பேசுகிறது. மருத்துவரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்.

அந்தப் பிள்ளை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பொடியை நிறுத்தி, இரும்புச்சத்து மாத்திரை, முட்டை, கீரை, மூணு வேளைச் சாப்பாடுன்னு டாக்டரம்மா வழிக்குக் கொண்டுவந்தாங்க. போன ஆறு கிலோ ரெண்டு மாசத்துல ஏழா வந்துச்சு. அழுதது. அப்புறம் அம்மாவும் மகளும் சாயங்காலம் கண்மாய்க்கரையில நடக்க ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷத்துல பிள்ளைக்கு அஞ்சு கிலோ, அம்மாவுக்கு நாலு. இப்ப அந்தப் பிள்ளை நர்சிங் படிக்குது.

கடைசியா ஒண்ணு, நடுவர் மணியில கையை வச்சுட்டார். வீட்டுக்குப் போனதும் எடை மெஷினைத் தேடாதீங்க. தையல் டேப் எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்க. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதுக்கு மேல போனா உள்ளே கொழுப்பு சேருதுன்னு அர்த்தம். மாசம் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல குறைக்கிறேன்னு எவர் வந்தாலும் அவர்கிட்ட அந்த ஏழரைக் கணக்கைக் கேளுங்க.

நடுவர் அவர்களே, டேப்னு சொன்னதும் நீங்க ஏன் மூச்சை உள்ளே இழுக்கிறீங்க? (பலத்த சிரிப்பு) மூச்சை வெளியே விட்டுட்டுத்தான் அளக்கணும். விடுங்க, அதோட கொஞ்சம் கொழுப்பும் போகும். (கைதட்டல்)